தென்னை சாய்ந்த பக்கம்

பிலோமினா மேடம் இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது கல்லூரி அல்ல, சுருளிப்பட்டி திராட்சை விவசாயி முத்தையா. "சார், நம்ம படம் வரையிற அம்மா தவறிட்டாகளாம். அவுக ஊரு ராயப்பன்பட்டிக்குக் கெளம்புறேன். வாறீகளா?" என்றார்.

தேனியில் எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் மேடம் கையால் வரையக் கற்றுக்கொடுத்தார், நான் கம்ப்யூட்டரில். பதினொரு வருடம் எதிரெதிர் மேஜை, ஓயாத சண்டை. "பென்சில் சீவியே பாதி பீரியடு போயிடுது மேடம்" என்று சீண்டுவேன். "சீவுறப்பதான் சார் புள்ளைக யோசிக்குதுக" என்பார்.

ஒரு வருடம், அவர் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கம்ப்யூட்டருக்குத் தரலாம் என்று கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். வகுப்பு போனால் மேடத்துக்கு வேலையும் போகும். தெரிந்தேதான் எழுதினேன். இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது முத்தையாவின் தோட்டத்து வீட்டுக்கு நான் மாணவர்களோடு பிளான் போட்டிருந்தேன். போனில் முப்பது படம், டேப்பில் அளவு, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரோடு மேற்கே இருந்ததால் வாசலும் பெரிய சன்னல்களும் மேற்கே. திரையில் ஜோராக இருந்தது.

மேடமும் தன் வகுப்பை அங்கே கூட்டிப்போனார். போன்களைப் பையில் போடச் சொல்லி, ஒரு காலைப்பொழுது முழுக்க வரப்பில் உட்கார வைத்து வரையச் சொன்னார். என் கடிதத்தின் மேல் முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த நோட்டுகளை விரித்தார். எல்லாவற்றிலும் தென்னைகள் கிழக்கே சாய்ந்திருந்தன.

"மரம் ஏன் சார் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் போனை எடுத்து என் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். முதல்வர் முத்தையாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மேகாத்து சார், மேக்கேயிருந்து அடிக்கும். ஆடியில அங்கன கதவ வச்சா சாத்தவே முடியாது. படிச்சவுக போட்டிருக்காகளேன்னு நாங்க வாயத் தொறக்கல."

என் முப்பது படங்களிலும் அதே சாய்ந்த மரங்கள் இருந்தன. "போட்டோ புடிச்சா மரம் போனுக்குள்ள போயிரும். வரைஞ்சாத்தான் மண்டைக்குள்ள போகும்" என்றார் மேடம்.

என் கடிதத்தை நானே வாங்கிக் கிழித்தேன். அவர் குத்திக்காட்டவில்லை. "நாளைக்கு வகுப்புக்கு வாங்க சார், கடைசி பெஞ்சு காலியாத்தான் கெடக்கு" என்றார். போனேன். அந்தத் தோட்டத்தைத்தான் வரைந்தேன். என் தென்னை கரண்டு கம்பம் மாதிரி நின்றது. பத்துக்கு மூன்று போட்டு, கீழே சிவப்பு மையில் எழுதினார்: "காத்து எங்கே சார்?"

முத்தையா வீட்டு வாசல் இன்று கிழக்கே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாள் மனையில் உட்கார்ந்து வரைகிறார்கள். கேட்டால் மேடம் பேரைச் சொல்கிறார்கள். அவரோடு வேலை பார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமை. அவருடைய மோசமான மாணவன் என்பதில் இன்னும் பெருமை.

அடக்கம் முடிந்து முத்தையாவோடு சுருளிப்பட்டிக்குப் போனேன். அதே வரப்பில் உட்கார்ந்து அதே தென்னையை வரைந்தேன். மூன்று மதிப்பெண் தாளோடு அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மதிப்பெண் போடத்தான் ஆள் இல்லை.

காத்து இருக்கு, மேடம்.