இரண்டாவது கண்

தம்பி ஜப்பானிலிருந்து லீவில் வந்தபோது பெண்டாட்டிக்கு ஒரு பொம்மையும் எனக்கு ஒரு பாக்கெட் சாக்லேட்டும் கொண்டுவந்தான். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்த அக்கா நான். எனக்குச் சாக்லேட். அந்த ஆத்திரம் இல்லை என்று எழுதினால் பொய்.

சிவப்பாக, உருண்டையாக, கையும் காலும் இல்லாத பொம்மை. தருமா என்று பெயர். ராமேஸ்வரம் வந்தவர்கள் சங்கு வாங்கிப் போவதுபோல, அவன் வேலை பார்க்கும் ஊருக்கு வருகிறவர்கள் இதை வாங்கிப் போவார்களாம். மீசையும் புருவமும் இருந்தன. கண் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை. ஒன்றை மனதில் நினைத்து ஒரு கண் வரைய வேண்டும். நடந்தால் மறு கண். தம்பி பெண்டாட்டி எல்லோர் முன்னாலும் கண்மையால் ஒரு கண் வரைந்தாள். கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளையில்லை. என்ன நினைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி கிளம்பிப் போனதும் அம்மா ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் அய்யனாருக்கு எடுக்கும் மண்குதிரைக்கு, அதைச் செய்த வேளார் கண் திறந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் திறந்துவிடுவார். ஒன்றோடு நிறுத்தினால் ஊருக்கு ஆகாது.

“ஒத்தக் கண்ணோட ஒன்ன வீட்டுல வெச்சிருந்தா எப்பிடி வெளங்கும்? தொறந்து விடு, இல்ல தூக்கிப் போடு.”

“நடந்த பெறகுதான் தொறக்கணும், அத்த,” என்றாள் தம்பி பெண்டாட்டி.

“அப்ப அது கடேசி வரைக்கும் ஒத்தக் கண்ணுதான்,” என்றேன் நான். அம்மா சிரித்தாள். தம்பி பெண்டாட்டி பொம்மையை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் உப்பூர் பிள்ளையாரைக் கும்பிடப் போனாள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, எங்களிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூட லீவுக்கு நான் பிள்ளைகளோடு அம்மா வீட்டில்தான் இருந்தேன். மகளின் பையிலிருந்து மார்க்கரை எடுத்து மறு கண்ணை வரைந்தேன். அம்மாவின் சாஸ்திரத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் வரைந்தேன்.

சாயங்காலம் வந்தாள், பார்த்தாள். நின்ற இடத்திலேயே வயிற்றில் கை வைத்தாள்.

“யாரு வரஞ்சது, அத்த?”

“ஆரு வருவா? நீ கும்புட்ட பிள்ளையாருதான் வந்திருப்பாரு,” என்றாள் அம்மா. சிரிப்பை அடக்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அவள் நம்பிவிட்டாள். வீடியோ காலில் தம்பிக்குப் பொம்மையைக் காட்டினாள், அவன் அழுதான். குடம் தூக்குவதை விட்டாள். பப்பாளியை ஒதுக்கினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. வேடிக்கை நன்றாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் பாத்ரூமை விட்டு வெளியே வர நேரமாயிற்று. வந்தவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே போனேன்.

“மதினி, சத்தியமாச் சொல்லுங்க. நீங்களா வரஞ்சீக?”

“நான்தான்.”

திட்டட்டும், குடத்தால் அடிக்கட்டும் என்று நின்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

“அப்ப பிள்ளையாரு என்னய ஏமாத்தல. நீங்கதான ஏமாத்துனீக? அது போதும் மதினி.”