மயிலுள்ளானும் ஊமைப் பெண்ணும்

வில்லியனூர் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாணப் படம் எடுப்பவன் இன்னாசியின் மகன் சகாய சுரேஷ். மேடையில் நிற்கும் மாப்பிள்ளையிடம் "சிரிங்க சார்" என்று சொல்லவே நாலு தடவை எச்சில் விழுங்குவான். ஓய்வில் படம் எடுக்கும் பறவைகளிடம் அந்தத் தொல்லை இல்லை. அவனைவிடக் கூச்சம் அவற்றுக்கு.

மூன்று வருடமாக அவனுக்குப் போக்குக் காட்டியது மயிலுள்ளான் என்ற வயல் பறவை. அதில் பெண்தான் பட்டுடுத்தியதுபோல் இருக்கும். முட்டையிட்டதும் தன் வழியே போய்விடும். மங்கல் நிற ஆண்தான் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும். இப்போது உறுவையாறு கிராமத்தில், அரங்கநாதன் வயலில், நாலு குஞ்சுகளோடு ஓர் அப்பன். இரண்டொரு நாளில் பக்கத்துக் கரும்புக்குள் நுழைந்துவிட்டால் அதோடு சரி.

அரங்கநாதனோ கேமராவைக் கண்டாலே சீறுவார். வயலில் ஒருவன் படம் எடுத்தால், நிலம் பிளாட்டுக்குப் போகிறது என்று பொழுது சாய்வதற்குள் ஊர் பேசிவிடும்.

கரும்புக்குள் ஒரு நாள் முழுக்கக் குந்திப் பார்த்ததில் சுரேஷுக்கு ஒன்று பிடிபட்டது. பேண்ட் போட்டவன் வரப்பில் கால் வைத்தால் பறவை மறைகிறது. களையெடுக்கும் பெண்கள் பத்தடியில் பாட்டே பாடினாலும் அது பாட்டுக்கு மேய்கிறது.

களைக்காரி பவுனம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"பொம்பள ஊரு சுத்துதா, ஆம்பள புள்ள வளக்குதா? நல்ல குடும்பம்பா! எங்க வூட்டுக்காரருக்கு அந்தப் படத்த அனுப்பணும். வா, நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் அம்மாவின் புடவை, மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கேமரா கூடையில், புல்லுக்கு அடியில்.

"இன்னா இடுப்புடா உனக்கு! குனி. வாய மட்டும் தொறக்காத."

ஒன்பதரைக்கு அரங்கநாதன் வந்து வரப்பில் நின்றார். நின்றவர் நகரவில்லை.

"யாரது கடசியில? நெல்லப் புடுங்குது பாரு!"

சுரேஷ் கையில் இருந்தது கோரை இல்லை, நெற்பயிர்தான்.

"மண்ணாடிப்பட்டு பொண்ணுங்கய்யா. ஊம" என்றாள் பவுனம்மாள்.

"ஊமைன்னா கண்ணும் தெரியாதா?"

அப்போதுதான் ஐந்தடியில் பயிர் விலகியது. அப்பன் வந்தது. பின்னால் நனைந்த பஞ்சுபோல நாலு. கூடைக்குள் போன சுரேஷின் கை அங்கேயே நின்றது. முதுகில் அரங்கநாதன் கண்.

பவுனம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஐயா, இன்னும் டீ வர்ல. வராட்டி எல்லாரும் கரையேறிடுவோம்."

முணுமுணுத்தபடி அவர் மொபெட்டைக் கிளப்பினார்.

பதினோரு படம். ஒன்றில் அப்பன் சிறகைத் தூக்க, மூன்று குஞ்சுகள் உள்ளே. நாலாவது நேராகக் கேமராவைப் பார்த்தது, எந்த மாப்பிள்ளையையும்விட இயல்பாக.

டீ வந்தது. இரக்கப்பட்டு முதல் கிளாஸை ஊமைப் பெண்ணிடமே நீட்டினார் அரங்கநாதன். மனம் இன்னும் சிறகுக்கடியில் கிடந்ததால், சுரேஷ் அடித்தொண்டையில் சொன்னான்:

"தேங்க்ஸுங்கய்யா."

பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா! உங்க டீயக் குடிக்கறதுக்கு முன்னாலயே ஊமைக்குப் பேச்சு வந்துடுச்சி" என்றாள் பவுனம்மாள்.

அரங்கநாதன் அவன் தலைத்துண்டை உருவினார். "இன்னாசி புள்ளயாடா நீ? எட்றா அந்த கேமராவ."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என் வயல்லயா இதெல்லாம் கீது?" அப்புறம் குரலைக் கடுப்பாக்கிக்கொண்டு, "ஊரு பேரு போட்ட, தொலைச்சிடுவேன். புடுங்கன நெல்ல நட்டுட்டுப் போ."

உச்சிவெயில் வரை புடவையோடு நட்டான்.

சாயங்காலம் அந்தச் சிறகுப் படம் பவுனம்மாளின் புருஷன் பக்கிரியின் போனுக்குப் போனது. உடனே பதில் வந்தது, மூன்று கும்பிடு பொம்மைகளோடு:

"அம்மான்னா அம்மாதான்."