மாமனுக்கு ஆகாத மாதம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்த விஷயம் இது. இடம், பாரிஸ் லா சப்பலில் நான் வைத்திருக்கும் சலூன். செவ்வாய், வெள்ளியில் எங்கள் தமிழ் ஆட்கள் தலையில் கத்தரிக்கோல் பட விடமாட்டார்கள். கடல் தாண்டி வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் அந்த இரண்டு நாளும் எனக்கு ஈ ஓட்டுகிற வேலைதான்.

அந்த நாட்களில் என் கடைக்குக் கைகொடுப்பவர்கள் சீனர்கள். அவர்களுடைய புதுவருடத்துக்கு முந்திய கிழமை, அந்த ஏழு நாளும், பார்க்க வேண்டும், குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். வருடம் பிறந்ததோ இல்லையோ, அதன்பிறகு ஒரு மாதத்துக்கு ஒரு சீனத் தலையைக்கூடக் காண முடியாது. கொண்டாட்டத்தில் காசெல்லாம் கரைந்திருக்கும் என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. முடிவெட்டுகிறவனுக்கு ஊர் உலகமெல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு இருக்குமே, அது எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு.

அந்த நேரம் என் மனமும் சரியில்லை. பாரிசுக்கு வெளியே சார்செல்லில் இருக்கும் என் ஒரே தங்கைக்குக் கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை கொடி சுற்றிப் பிறந்தது. நட்சத்திரமும் ரோகிணி. இரண்டுமே தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் அழுதார். ஆறு மாதத்துக்கு மாமன் பிள்ளையின் முகத்தில் விழிக்கக் கூடாது, அதன்பிறகும் முதலில் கிண்ணத்து எண்ணெயில் தெரியும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை நேரே பார்க்க வேண்டும் என்று சாத்திரியார் சொல்லிவிட்டாராம்.

முந்திய வருடம்தான் எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வயிற்றில் பிள்ளையோடு தினமும் ரயிலேறி வந்து கஞ்சி தந்தவள் அந்தத் தங்கைதான். அப்படியிருந்தும் எனக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. கடையில் ஆள் இல்லை, காய்ச்சல், ரயில் ஓடவில்லை என்று வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லி இரண்டரை மாதம் கடத்திவிட்டேன். தங்கை அனுப்பிய படங்களைக்கூடத் திறக்கவில்லை. போனில் பார்த்தாலும் தோஷமா என்று சாத்திரியாரிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கடையில் ஒருவரும் இல்லாத நேரம், இரண்டு சீனர்கள் வந்தார்கள். ஒருவர் எங்கள் தெருவிலேயே சட்டி, பானை, மின்குமிழ், பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடைக்காரர். என் வயதுதான், ஐம்பது இருக்கும். வழியில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். மற்றவன் இருபத்துநாலு வயது இளைஞன். முடி தோளில் கிடந்தது. சிவப்புக் காலுறை, மணிக்கட்டில் சிவப்பு நூல். கடைக்காரர் அவனைக் கதிரையில் இருத்தி, நன்றாகக் கட்டையாக வெட்டச் சொன்னார். நான் துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, கத்தரிக்கோலைக் கிட்டக் கொண்டுபோனேன். அவன் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு அவனே விளக்கம் சொன்னான். இங்கே பிறந்து வளர்ந்தவன், நல்ல பிரெஞ்சு. வருடம் பிறந்த முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமன் செத்துப்போவார் என்பது அவர்களுடைய நம்பிக்கையாம். இரண்டாம் மாதம் இரண்டாம் நாள் வரை பொறுக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் முந்திய கிழமையே வந்து வெட்டிவிடுகிறார்கள். இவனோ அந்தக் கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒரு வருடமாக வேலை இல்லாதவனுக்கு இப்போது மறுநாள் காலை ஒரு பெரிய ஹோட்டலில் நேர்முகம் வந்திருக்கிறது. இந்தத் தலையோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

போதாததற்கு அது டிராகன் வருடம், அவன் பிறந்ததும் ஒரு டிராகன் வருடத்தில். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவரவர் பிறந்த விலங்கின் வருடம் திரும்பி வரும்போது கண்டம் கூடுமாம். சிவப்பு அதற்குக் காவல். எங்கள் ஏழரைச் சனிக்குக் கறுப்பு, இவர்களுக்குச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டேன். இதிலெல்லாம் தனக்குத் துளிகூட நம்பிக்கை இல்லை என்று சொல்லி முடித்தான் அவன். கை மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை.

அந்தத் தாய்மாமன் யார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் நின்ற கடைக்காரர்தான். இளைஞனின் தாய்க்கு அவர் ஒரே தம்பி. தாய் அழுது தடுத்திருக்கிறாள். அதையும் மீறி, வெட்டினால் சாக வேண்டியவரே அவனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார்!

தாய்மாமனுக்கு ஆகாது என்ற அதே பேச்சு. சீனாவிலும் என் அம்மாவைப் போல ஒருத்தி இருந்து இதைச் சொல்லிவைத்திருக்கிறாள். பயமில்லையா என்று அவரிடம் கேட்டேன். அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போல உடைந்ததுதான். அவர் சொன்னதை எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்.

“பயம் இருக்கு. ராத்திரி நித்திரையும் இல்லை. அதுக்காண்டி என்ரை பயத்துக்கு இவன்ரை வேலை போகலாமோ? நீர் வெட்டும்.”

இளைஞன் கையை விட்டான். நான் வெட்டத் தொடங்கினேன். முதல் முடி தரையில் விழுந்தபோது அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் திறந்து, பேச்சை மாற்றத்தானோ என்னவோ, எனக்குச் சகோதரி பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. ஓம் என்றால் பிள்ளை யாரைப்போல என்று அடுத்து கேட்பார். எனக்கென்ன தெரியும்? என் கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. எதிரே முழுநீளக் கண்ணாடி. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீ, நீயும் ஒரு மாமனா என்று எனக்குள்ளேயே கேட்டது.

வெட்டி முடித்ததும் அவர் தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். இருவரும் போய்விட்டார்கள். கால்மணி நேரத்தில் கடைக்காரர் மட்டும் திரும்பி வந்து, இலையோடு கூடிய இரண்டு மாண்டரின் தோடம்பழங்களை, அந்தச் சின்ன ஆரஞ்சுகளை, மேசையில் வைத்தார். புதுவருடத்துக்கு ஒற்றையாகக் கொடுக்கக் கூடாதாம், ஒன்று எனக்கு, மற்றதை எனக்கு வேண்டியவர்கள் யாருக்காவது கொடுக்கட்டுமாம்.

அவர் படியிறங்கியதும் நான் கடையைப் பூட்டினேன். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து, சார்செல் ரயிலில் ஏறினேன். பெரிய வீரன் மாதிரி ஏறினேனே தவிர, வழியெல்லாம் நெஞ்சு இடித்தது. நடுவழியில் ஸ்தேன் நிலையத்தில் ரயில் நின்றபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று கதவுவரை போய்விட்டு மறுபடி வந்து இருந்தேன்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பாள், திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் செய்தது வேறு. தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பி, தன் கையால் மறைத்துக்கொண்டாள்.

“அண்ணை, அதிலை கொஞ்சம் நில்லுங்கோ. எண்ணெய்க் கிண்ணம் எடுத்து வைச்சிருக்கிறன், கொண்டுவாறன்.”

என் பொய் ஒன்றையும் அவள் நம்பியிருக்கவில்லை. எனக்கு என்ன பயம் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. என்றைக்காவது வருவேன் என்று கிண்ணத்தைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையின் முகத்தை, எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று, எனக்காக மறைத்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எண்ணெய் ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தா என்று வாங்கினேன். நேருக்கு நேர் பார்த்தேன். என் மூக்கு. பாவம், அந்த மூக்குத்தானா கிடைத்தது அவளுக்கு!

அப்போதுதான் கவனித்தேன், முடி காதை மூடி வளர்ந்திருந்தது. எங்களில் முப்பத்தோராம் நாள் பிள்ளைக்கு முடி எடுத்துவிடுவார்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“மாமன் முடிவெட்டுற ஆள். பிறகு வேறை ஆரிட்டைக் குடுக்கிறது? நீங்கள் வருவியள் எண்டு விட்டு வைச்சனான்.”

அழுதுவிட்டேன். ஐம்பது வயது ஆம்பிளை, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதேன். பிறகு பையைத் திறந்து கருவியை எடுக்கப் போனேன். இன்றைக்குச் செவ்வாய் என்றாள் தங்கை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எல்லாவற்றையும் ஒரேநாளில் விட முடியுமா என்ன! மறுநாள் புதன்கிழமை காலை திரும்பப் போய், பிள்ளையை என் மடியில் கிடத்தி, தங்கை தலையைப் பிடித்துக்கொள்ள, நானே முடி எடுத்தேன். தோடம்பழத்தில் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த இளைஞனுக்கு அந்த ஹோட்டலில் வேலை கிடைக்கவில்லை, பிறகு வேறொரு இடத்தில் கிடைத்தது. இப்போதெல்லாம் புதுவருடத்துக்குப் பத்து நாள் முந்தியே அவனை மாமன்காரர் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். ஏன் சும்மா சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அவரும் நலம், நானும் நலம். நட்சத்திரம் பொய், வருடம் பொய் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.

மருமகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. முடிவெட்டப் போனால் அந்த இளைஞனைப் போலவே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். அப்படிப் பிடிக்கும்போதெல்லாம், இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு அன்றைக்கு ‘இல்லை’ என்று சொன்னேனே என்று என் நெஞ்சு இன்னும் வலிக்கிறது.