பொட்டலில் உறுமிய கார்

கூட்டத்தின் முன் சீறிக் காட்டத்தான் காரில் ரேஸ் கிளட்ச் மாட்டியிருந்தேன். கீழச்சிவல்பட்டிப் பக்கம், மஞ்சுவிரட்டன்று மாடு அவிழ்க்கும் பொட்டலில் யாரும் வண்டியை இறக்கமாட்டார்கள். நான் குறுக்கே ஓட்டினேன். நடுவில் கிளட்ச் கருகிவிட்டது. எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. அதற்குள் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். இறங்க வழியில்லை.

ஒரு காளை பானட்டை ஒட்டி வந்து நின்றது. விரட்ட நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். சைலன்சர் வேட்டுப்போல் அதிர, அது முகப்பு விளக்கைக் குத்தி உடைத்தது.

காளையை வளர்த்த பெண் கயிறோடு ஓடிவந்தார். "வண்டிய ஆஃப் பண்ணுங்க! அதுவே மெரண்டுபோயி இங்குட்டு ஒதுங்கியிருக்கு. நீங்க வேற எதுக்கு உறும விடுறீக?"

சாவியைத் திருப்பினேன். சத்தம் அடங்கியதும்தான் காளையின் உடம்பு நடுங்குவது தெரிந்தது. என் கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் உறுமினால், முதலில் அவர்களுடைய கைகளைத்தான் பார்க்கிறேன்.