வளைவில் விட்டுவந்த கிட்டார்

மே மாதத்து ஞாயிறு, காலை எட்டரை. எங்கள் மலைமேல் ஒண்டிக்கடைச் சந்திப்பில் டீ குடித்துவிட்டுப் புறப்பட்டோம். கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கு ஏறத்தாழ இருநூற்று முப்பது கிலோமீட்டர். வாடகைக் கார், போக வர ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் ரஹீம் பாய். பின்சீட்டில் அம்மா, மடியில் புளிச்சோற்றுத் தூக்கு.

கொட்டச்சேட்டுத் தோட்டத்தில் காப்பி பறிக்கும் அம்மா கடலைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கோடையிலும் வருகிறேன் என்பாள். கிளம்பும் நேரத்தில் தலைவலி வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, என் காசில் அவளைக் கடலில் கால் நனைக்க வைக்க வேண்டும் என்பது என் வைராக்கியம். இந்த முறை விடுவதாக இல்லை.

வழிக்கென்று கைபேசியில் பாட்டும் எடுத்து வைத்திருந்தேன். சர்ஃப் இசை. அறுபதுகளில் கலிஃபோர்னியாக் கடலோரத்துப் பையன்கள், அலைமேல் பலகையில் வழுக்கிப் போகும்போது உடம்பில் ஓடும் அதிர்வைக் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்தார்கள். கம்பியைச் சுண்டினால் ஒலி ஏதோ ஈரக் குகைக்குள் போய்த் திரும்புவது போல் நீண்டு நடுங்கும். பல பாட்டுகளில் சொல்லே கிடையாது. அதனால் அம்மாவுக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்.

"இதென்ன கண்ணு, தகரக் கொட்டாயில மழ பேஞ்சாப்புல இருக்குது?"

"இதுதாம்மா கடல்."

"அப்பக் கடலக் கேட்டாச்சு. ஊட்டுக்குப் போலாமா?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் நாள் கோடை மழை பெய்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் மூடுபனி காரின் மூக்கை மறைத்தது. பாய் பாட்டை நிறுத்தி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். எங்கள் மலைப்பாதை ஓட்டுநர்களின் வழக்கம் இது. கண் தெரியாத இடத்தில் எதிர்வண்டியைக் காதால் பிடிப்பார்கள்.

சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டியது. வேறு ஒலி இல்லை. பிறகு, கீழே எங்கிருந்தோ, கிட்டார் கேட்டது. அதே பாட்டு. பாய் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து.

"மேல ஏதோ வண்டி ஏறுதுங்க" என்று பாய் ஓரம் கட்டினார். ஹாரன் அடித்தார். பதில் ஹாரன் இல்லை. இன்ஜின் சத்தமும் இல்லை. கிட்டார் மட்டும் ஒரே தூரத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தது.

"எதிரொலி" என்றேன்.

"பேசாத இரு சாமி" என்றாள் அம்மா. தோட்டத்தில் பனி இறங்கினால் பெண்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பார்கள். முதல் கூவலுக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டால்தான் அது மனிதக் குரல், இல்லையென்றால் பனிக்குள் வேறேதோ. சிறுவயதில் நானும் அப்படித்தான் காத்திருந்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்குக் கோபம் வந்தது. இதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடுவாள் என்று தோன்றியது. பாட்டை மறுபடி ஓடவிட்டேன்.

இரண்டு கிட்டார்களும் ஒரே சுரத்தில் சேர்ந்தன. சட்டென்று நிறுத்தினேன். அதுவும் நின்றது. சற்றுநேரம் கழித்து மீண்டும் தொடங்கியது. இம்முறை எங்கள் காருக்குப் பின்னால், மிக அருகில்.

"மொதக் கூப்பாட்டுக்கே பதில் சொல்லீட்டியே" என்றாள் அம்மா. "ஏனுங்க பாய், வண்டியத் திருப்புங்க."

"இந்த வளைவுல திருப்ப முடியாதுங்கம்மா. அடிவாரம் போய்த்தான் திருப்போணும்." பாயின் குரலில் சிரிப்பு இல்லை. கண்ணாடிகளை ஏற்றாமலே மெல்ல உருட்டினார். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். பாய் வண்டியை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கெஞ்சக்கூடாது என்று இருந்தேன், ஆனாலும் "வாம்மா" என்றுவிட்டேன்.

அவள் மேலே பார்த்தாள். மலை பாதிக்குமேல் இல்லை, வெள்ளையாக இருந்தது. "இப்பத் திரும்புனா அதுக்குள்ளதான போகோணும்" என்றாள். "கடலுக்கே போலாம். அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்."

வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை என்று சாலை பாட்டில்லாமல் கடந்தது. பண்ருட்டியில் பலாச்சுளை வாங்கினோம், ஐம்பது ரூபாய்க்கு. "நொம்ப இனிப்பு" என்றாள் அம்மா.

நான்கு மணிக்குக் கடற்கரை. பஜ்ஜிக் கடை, குதிரை, பலூன் எதையும் அம்மா பார்க்கவில்லை. ஈரமணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள். அலை வந்து, அவள் விரலுக்கு ஒரு சாண் முன்னால் திரும்பியது. அவள் அசையவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன், தட்டிவிட்டாள். இரண்டாவது அலை. உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது அலை புரண்டு வந்தபோது, பறிக்கும் பெண்களின் குரலில் "ஊ..." என்று கூவிக்கொண்டே முழங்கால் வரை இறங்கிவிட்டாள். பலூன்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தி சாயும்வரை நின்றோம். சென்னையிலும் எனக்குக் கடல் உண்டு. ஆனால் அது என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

வண்டிக்குத் திரும்பும்போது அம்மா சேலை முந்தியைப் பிழிந்தபடி சாதாரணமாகச் சொன்னாள்: "இது மூணு தடவ கூப்புட்டுச்சு. மலையில கூப்புட்டது ரெண்டே தடவதான் கண்ணு."

எதிரொலி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் எதிரொலி, நாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்காது.

"மேல ஏறறப்ப இன்னொருக்கா கூப்புட்டா நானே பதில் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கேட்காமலே பாய் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். மலை இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.