பெரியப்பா துடைத்த கால்குலேட்டர்

என் பெரியப்பா பொய் சொல்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், அதே பொய்யை அதே சிரிப்போடு சொல்கிறார். "மாம்பலத்துலயே மொதமொத கால்குலேட்டர் வந்தது நம்ம வீட்டுக்குத்தான். வந்த வேகத்துல இவ அமுக்கி அமுக்கி ஒடச்சிட்டா." உடனே பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் சிரிக்கிறார்கள். நான் எதையும் உடைக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அது எழுபதுகளின் நடுவில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வீடு. கடையிலும் சரி, வீட்டிலும் சரி, பெரியப்பா சொல்வதுதான் முடிவு. அப்பாவின் வேலை தலையாட்டுவது. எனக்குப் பதினாறு வயது. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் முதல் வருடம் சேர்ந்திருந்தேன். நானாகக் கேட்டுச் சேர்ந்த படிப்பு.

புள்ளியியலுக்கு ப்ராக்டிகல் உண்டு. கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் கனத்த மெஷின்கள் கொஞ்சம்தான் இருந்தன. மூன்றாம் வருடத்து அக்காக்கள் முடித்து எழுந்த பிறகுதான் எங்களுக்கு. என் முறை வரும்போது வாட்ச்மேன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்திருப்பார். பஸ் பிடித்து, பனகல் பார்க்கில் இறங்கி, ரயில்வே பாலத்தின் படி ஏறி இறங்கி வீடு வருவதற்குள் தெரு விளக்கு எரிந்துவிடும். நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. எப்போது வந்தேன் என்பது மட்டும் தெருவுக்கே தெரியும்.

"வெளக்கு வச்ச பொறவு வீட்டுக்கு வார படிப்பு நமக்கு வேண்டாம். ப்ராக்டிகல் இல்லாத படிப்பா பாத்து மாத்திருவோம்" என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான், கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர் சிங்கப்பூர் போய்வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்துக் காட்டினார். வேண்டுமானால் விலைக்குத் தருவதாகச் சொன்னார். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்தார். அது கையில் இருந்தால் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு, கல்லூரி விட்டதும் கிளம்பி, வீட்டிலேயே கணக்கு முழுவதையும் போட்டுவிடலாம். அது இருந்தால் புள்ளியியல், இல்லாவிட்டால் இல்லை. எனக்கு அவ்வளவுதான் விஷயம்.

வாங்கலாமா வேண்டாமா என்று விசாரணை ஆரம்பமானது.

"பரீட்சைக்கு இத உள்ள விடுவாங்களா?"

"விடமாட்டாங்க பெரியப்பா. இது ப்ராக்டிகலுக்கு."

"பரீட்சைக்கு ஆகாதது படிப்புக்கு எதுக்கு?"

டம்ளர் விலையையும் டஜன் கணக்கையும் சொல்லிப் பெருக்கச் சொன்னார். சிவப்பு எண்களில் விடை வந்தது. அவர் உதட்டுக்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தார். "சரியாத்தான் வருது. ஆனா இது எனக்கே தெரியுமேட்டி. தெரிஞ்சதச் சொல்றதுக்கு ஒரு மெஷினா?"

"தெரியாததையும் சொல்லும் பெரியப்பா."

"அது சரின்னு எப்படித் தெரியும்?"

இந்த ஆளிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது? பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாய் என்றார். அடுத்த வருடம் விலை குறையும், பொறுத்தால் என்ன என்றார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, இதில் எடையே இல்லையே என்றார். பாத்திரக் கடைக்காரருக்கு எடை இல்லாத சாமான் மேல் நம்பிக்கை வராது.

கடைசியில் அப்பா வாயைத் திறந்தார். "அண்ணே, பிள்ளை பொழுதோட வீட்டுக்கு வந்துரும்லா." அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. என் படிப்புக்காக அல்ல, தெரு விளக்குக்காக வாங்கினார்கள். எதற்காக வாங்கினால் என்ன என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் என் கையில் தரவில்லை. ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. பூஜையில் வைத்து எடுத்த பிறகுதான் தொட வேண்டும் என்று உத்தரவு.

பூஜையன்று எல்லோரும் கடைக்குப் போனோம். தராசு, கல்லாப்பெட்டி, பாத்திரத்தில் பெயர் வெட்டும் உளி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் என் கால்குலேட்டர். பன்னீர் விட்டுத் தளரக் கரைத்த சந்தனக் கிண்ணத்தோடு பெரியப்பா வந்தார். எண் தெரிகிற இடம் சாமானின் முகமாம், அதை மறைக்கக் கூடாதாம். அதை விட்டுவிட்டு பட்டன்கள் மேல் மூன்று விரலாலும் அப்பினார். அதன் மேல் குங்குமம்.

"பெரியப்பா, அது பட்டன்" என்றேன்.

"தராசுக்கு வைக்கல? கல்லாவுக்கு வைக்கல? எல்லாம் ஓடுதுல்லா. பொரியத் தின்னுட்டுப் பேசாம இரு."

மறுநாள் காலை கடை திறந்ததுமே ஓடினேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. ஏழாம் எண் பட்டனை அழுத்தினேன். உள்ளே போன பட்டன் வெளியே வரவில்லை. சிவப்பாக ஒரு ஏழு வந்து நின்றது. வேறு எதை அழுத்தினாலும் அந்த ஏழு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்தது.

பெரியப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா பின்னால் குடோனில் இருந்தார். பெரியப்பா தோள் துண்டை எடுத்து, நுனியை நனைத்து, பட்டன் பட்டனாகத் துடைத்தார். சந்தனமும் குங்குமமும் போய் மெஷின் பளபளவென்று ஆனது. எனக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. துடைத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. உம் பிள்ளை செஞ்ச காரியத்தப் பாரு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சந்தனத்தால கெட்டுச்சுன்னு வெளிய சொல்லிராத, சாமி குத்தம்" என்றாள். ரிப்பேருக்காவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "திறந்து பாத்தா மட்டும் ஒட்டிக்குமா?" என்றார் பெரியப்பா. ஒரு நாள்கூட ஒரு சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு மெஷின் படிப்பு எதற்கு என்றார். அப்பா தலையாட்டினார். யார் யாரையோ பார்த்துப் பேசி என்னைச் சரித்திரத்துக்கு மாற்றினார்கள். சரித்திரத்துக்கு ப்ராக்டிகல் கிடையாது. பொழுதோடு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம்தான் நடத்துகிறேன்.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய நினைப்பவர் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். பெரியப்பா மேலே மட்டும்தான் துடைத்தார், அதுவும் அப்பா வருவதற்குள். பதினாறு வயதில் அதைப் பாசம் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். மேற்கு மாம்பலத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். மேடையில் மைக் வைப்பார்கள். கால்குலேட்டர் கதையைச் சொல்லாமல் அவர் இறங்க மாட்டார். சொல்லட்டும். ஆனால் அதே மைக்கில், எல்லோர் முன்னாலும், எனக்கு இதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கட்டும்: அந்தப் பட்டன்களில் சந்தனம் அப்பியது யார்? அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதைத் துடைத்தது எதற்கு? நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.