மத்தியானம் படுக்காத நேர்த்தி

ஆறு மாதமாக எனக்கு ராத்தூக்கம் இல்லை. கூடவே மனசும் சோர்ந்துவிட்டது. யார் சிரித்தாலும் எரிச்சல், யார் பேசினாலும் அழுகை. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் எனக்கு மிஷின் வேலை. தையல் கோணல்மாணலாகப் போனது. "இன்னொரு தடவ நீ தச்ச மால் திரும்பி வந்துச்சுன்னா ஒன்ன நூல் வெட்டுத வேலைக்கு மாத்திருவேன்" என்று முதலாளி பாய் சொல்லிவிட்டார். பதினைந்து வருடமாக நான் உட்கார்ந்த மிஷின். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆறு வாரப் பயிற்சி, தமிழிலேயே பேசும். மாத்திரை வாங்கப் போனவளுக்குக் கிடைத்தது சட்டதிட்டம். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் சாய் குடிக்கக் கூடாது. பகலில் கண்ணயரவே கூடாது.

இந்தக் கடைசி விதிதான் வம்பு. பட்டறையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஃபோம் சுருள்மேல் அரை மணி நேரம் சாய்ந்துவிடுவோம். எனக்கு வாய்த்த ஒரே நல்ல தூக்கமும் அதுதான். முதல் நாள் நான் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "ஏட்டி, மேலுக்குச் சரியில்லியா?" என்றாள் பக்கத்து மிஷின் அக்கா. மனசுக்கு வைத்தியம் என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப் முழுக்க எனக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ராத்தூக்கம் வரணும்னு அம்மனுக்கு நேந்திருக்கேன்க்கா. ஆறு வாரம் பகல்ல படுக்க மாட்டேன். மத்தியானத்துக்கு மேல சாயும் கெடையாது."

நேர்த்தி என்றால் எங்கள் சனம் விளையாடாது. என் தலை லேசாக ஆடினாலே நாலு கைகள் உலுக்கின. சாய் கிளாஸ் என்னைத் தாண்டிப் போனது. அக்கா தன் தூக்கத்தை விட்டுவிட்டு மருமகளின் கொடுமைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். அதைக் கேட்டால் யாருக்கும் தூக்கம் வராது. முதல் இரண்டு வாரம் நரகம். அப்படித்தான் இருக்கும் என்று ஆப் முன்கூட்டியே சொல்லியிருந்தது, ஆனாலும் அதைத் திட்டித் தீர்த்தேன். மனசில் உள்ள பயத்தை எழுதச் சொன்னது. தூங்காவிட்டால் வேலை போய்விடும் என்று எழுதினேன். அது நடந்திருக்கிறதா என்று கேட்டது. ஆறு மாதமாகத் தூங்கவில்லை, வேலையும் போகவில்லை என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றுதான் அப்போது தோன்றியது.

நாலாவது வாரம், படுத்தால் விடிந்த பிறகுதான் முழித்தேன். தையலும் நேரானது. ஆறாவது வாரம் நான் தைத்த மால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மிஷின் எனக்குத்தான் என்று பாய் சொன்னார். நேர்த்தி முடிந்தால் பொங்கல் இல்லாமல் விடுவார்களா? பட்டறைக்கே சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்த பிறகு பாய் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு வருசமா தூக்கம் இல்ல தங்கச்சி. மனசும் சரியில்ல. தர்காவுல நேந்தும் பாத்துட்டேன். ஒங்க அம்மனுக்கு நான் நேர முடியாதுல்லா? எனக்காவ நீ நேந்துக்கிடுவியா?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இத்தனை வாரமும் நான் ஒளித்துவைத்ததை இந்த மனுஷன் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாரே. போனில் அந்த ஆப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான் நேரவே இல்ல பாய். எனக்கும் மனசுதான் சரியில்லாம இருந்துச்சு."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.